திரும்பிய நேரம்: காலி

தரவுத்தளத்தில் கிடக்கும் நேரத்தை எடுத்து மனிதர் படிக்கிற மாதிரி காட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், அதைச் செய்து பார்த்ததில்லை. பைத்தானில் தேதியோடு மல்லுக்கட்டி, சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

என் ஆபீஸ் வடசென்னையின் டோல்கேட் பகுதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று திருவொற்றியூர்க் கரையில் இருக்கும் சின்ன மீனவர் சங்கம். கடலுக்குக் கிளம்பும்போது படகுக்காரர் சங்கத்து எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கரை ஏறியதும் இன்னொன்று. செலவில்லாத ஏற்பாடு. போன நேரம், திரும்பிய நேரம் என்று இரண்டு கட்டங்களில் அது பதிவாகும். இப்போது யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்று சங்கத்துச் சுவரில் மாட்டிய டிவியில் தெரியும். இதை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் என் தலையில் விழுந்தது.

டீ குடித்தது யார்?

சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. அது கிரீன்விச் கணக்கில் நேரத்தை எழுதும். காட்டும்போது நம் ஊருக்காக ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஒருமுறை சர்வரை மாற்றியபோது அந்தக் கூட்டல் விட்டுப்போனது. விடியற்காலையில் கிளம்பிய படகெல்லாம் முந்தின ராத்திரியே போய்விட்டதாக டிவி சொன்னது.

ஆண்கள் ஒருத்தரும் கவனிக்கவில்லை. கவனித்தது ஏகவல்லி அக்கா. புருஷன் தேசிங்கு பிடித்து வரும் மீனைக் காலடிப்பேட்டையில் கூடை வைத்து விற்பவர். சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜபார் பாயோடு நான் உட்கார்ந்து தப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கூடையோடு உள்ளே வந்து நின்றார். "இன்னா பாய், என் ஆளு காலைல என் கையால டீ குடிச்சிட்டு போனாரு. உன் டிவி ராத்திரியே பூட்டாருன்னு சொல்லுது. அப்போ என் வூட்ல டீ குடிச்சது யாரு?"

முந்திக்கொண்ட போன்

ஆண்களின் போன் பாதி நாள் நனைந்திருக்கும், மீதி நாள் சார்ஜ் இருக்காது. அதனால் வீட்டுப் பெண்களும் மிஸ்டு கால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தோம். ஏகவல்லி அக்காவுக்குப் பொறுமை கிடையாது. தூரத்தில் தேசிங்கின் நீலப் படகு மாதிரி ஒன்று தெரிந்தாலே கால் கொடுத்துவிடுவார். ஒருநாள் அந்த நீலப் படகு வேறு யாருடையதோ. தேசிங்கு என்ஜின் நின்றுபோய் அலையில் ஆடிக்கொண்டிருந்தார். டிவியிலோ பத்திரமாகத் திரும்பியிருந்தார். திரும்பியவரை யார் தேடுவார்கள்? நல்லவேளை, அந்தப் பக்கம் வந்த இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது.

மறுநாள் சங்கத்தில் பஞ்சாயத்து. நானும் போயிருந்தேன். "நான் கடல்ல கீறேன், இவ என்னிய வூட்டுக்கு அனுப்பிட்டாபா" என்று தேசிங்கு எல்லோரையும் சிரிக்கவைத்தார். அக்கா சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "இனிமே படகு மணல்ல இடிக்காம நான் போனைத் தொட மாட்டேன். என் தாலி மேல சத்தியம்."

ஏதாவது ஒரு தேதி

கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தேசிங்கு தனியாகப் போனார். மத்தியானம் காற்று மாறியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. குப்பத்தில் இருந்த படகெல்லாம் தேடப் போயின, கடலோரக் காவல்படையும் கப்பல் விட்டுத் தேடியது. எண்ணூர் பக்கம் ஒரு டீசல் கேன் ஒதுங்கியது. அது அவருடையதுதானா என்றுகூட யாராலும் சொல்ல முடியவில்லை.

டிவியில் மற்ற பெயர்கள் வருவதும் போவதுமாக இருக்க, தேசிங்கு மட்டும் மேலேயே நின்றார். பக்கத்தில் 'கடலில் இருக்கும் நேரம்' மணி மணியாக ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிய நேரம் காலி. நம் தொழில்காரர்களுக்குத் தெரியும், காலி என்றால் பூஜ்யம் இல்லை. இன்னும் தெரியாது என்று அர்த்தம். தெரியாத நேரத்திலிருந்து போன நேரத்தைக் கழிக்கச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும். எல்லோருடைய கடல் நேரத்தையும் கணக்கிடும் மாத அறிக்கை அந்த வரியில் வந்து பொத்தென்று விழுந்தது.

சங்கச் செயலாளர் சத்தம் போட, ஜபார் பாய் எனக்கு போன் செய்து, அந்தக் காலிக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பச் சொன்னார். அந்தக் கட்டத்தில் எந்தத் தேதியைப் போட்டாலும் தேசிங்கு திரும்பி வந்துவிட்டார் என்றுதானே பாய் அர்த்தம் என்று சீறினேன். ஆத்திரம் பாய்மேல் இல்லை. அவர் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் தெரியும்மா. தெனம் அந்த மணி ஏறிகினே போறத பாக்க சொல்லோ மனசு பேஜாராவுது. ஏதாவது ஒரு தேதி போட்டு மூடிடும்மா."

மூன்றாவது கட்டம்

நான் தேதி போடவில்லை. 'திரும்பவில்லை' என்று மூன்றாவதாக ஒரு கட்டமும், அதற்கு ஒரு பொத்தானும் செய்து கொடுத்தேன். அந்த ஒரு சொல்லைத் தட்டும்போது அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொத்தானை அழுத்தினால் பெயர் டிவியிலிருந்து இறங்கிவிடும், அறிக்கையும் ஓடும். ஆனால் அழுத்த ஆளில்லை. செயலாளர் பாயைக் கைகாட்டினார், பாய் என்னைக் கைகாட்டினார். கடைசியில், வீட்டுக்காரியைக் கேட்காமல் எப்படி என்று ஏகவல்லி அக்காவையே வரச் சொன்னார்கள்.

வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, போன் இடுப்பில் செருகியிருந்தது. தினமும் காலையில் இந்த டிவிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவர் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறார் என்று பாய் என் காதில் சொன்னார். செயலாளர் தன்மையாகத்தான் பேசினார். நாங்களே பேரை எடுத்துவிடுகிறோம், இல்லை உன் கையாலேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலும் அது மூடிக்கொள்ளும் என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பி, "மணி ஓடிகினு கீது இல்ல கண்ணு?" என்றார். ஓடுதுக்கா என்றேன். "ஓடட்டும். நான்தான் சத்தியம் பண்ணிகீறனே. படகு மணல்ல இடிக்கட்டும், போன் பண்றேன்."

அன்றைக்கே அறிக்கை அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகும்படி மாற்றிவிட்டு, பொத்தானையும் எடுத்துவிட்டேன். நேரத்தைச் சரியாகக் காட்டத்தான் எனக்குச் சம்பளம், சங்கத்து டிவியில் அது இன்றைக்கும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.