இறந்தோர் பட்டியலில் ஓர் இத்தாலியர்

ராயப்பன்பட்டிக் கோயிலில் இறந்தோர் மோட்சம் சேர வேண்டி நடக்கும் கல்லறைத் திருநாள் பூசைக்கு அவர்கள் பெயர்ச் சீட்டுகளை வாங்குவது என் வேலை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எட்டு ஆண்டுகளாகத் தம் பெற்றோருக்குக் கீழே ஓர் இத்தாலியக் கவிஞரின் பெயரையும் எழுதி வந்தார். நரகம், பாவம் தீர ஏறும் மலை, மோட்சம் என்று அக்கவிஞர் பாடிய காவியத்தை, ஆங்கிலத்தையும் மலையாளத்தையும் பக்கத்தில் வைத்துத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் விழித்து எழுதி அவர் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும்.

“செத்து எழுநூறு வருசமாச்சு. இன்னுமா சார் மோட்சம் போகாம இருப்பாக?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவுக எப்பவோ போயிருப்பாக. நாந்தான் தமிழ்ல பாதி மலையில நிறுத்தி வச்சிருக்கேன். அலுப்பா இருக்குய்யா.”

இந்த நவம்பரில் அவர் தந்த சீட்டில் பெற்றோர் பெயர் மட்டுமே இருந்தது. வாங்கித் தேதி போட்டு வைத்தேன். முடித்தாரா, கைவிட்டாரா என்று அந்தக் கண்களைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.