கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பும் முன்

வியாழக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பியபோது வீட்டு முன்னால் எங்கள் பிக்கப் வண்டி நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. சோப்புத்தூள் வாசம் அடித்தது. என் கணவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. அதற்கு முன் லாபு பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் தரை கழுவி நான் பார்த்ததில்லை.

“என்னங்க, இதெல்லாம் எதுக்கு நீங்க செய்றீங்க?”

“தூசியா இருந்துச்சு.”

நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்துத் தேர்ச்சி போடும் பிரிவில் இருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் கீறலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். கழுவிய தரையில் புதிதாக ஒரு சொட்டு விழுந்திருந்தது.

“ஏர்கான் தண்ணி,” என்றார்.

விரலால் தொட்டேன். சிவப்பாக, வழவழவென்று இருந்தது. ஏர்கானிலிருந்து சிவப்புத் தண்ணீர் வராது என்று எனக்கே தெரியும்.

“எப்ப இருந்து ஒழுகுது?”

அவர் கண் குப்பைத் தொட்டிப் பக்கம் போனது. குப்பைத் தொட்டியைத் திறந்தேன். மடித்துத் திணித்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. விரித்தால் கையகலச் சிவப்புக் கறை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தேடியபோது, பாதி காலியான கியர் எண்ணெய் போத்தல் துணியில் சுற்றிக் கிடந்தது.

“திங்கக்கிழமையிலேருந்து,” என்றார் கடைசியில். நோய்க்குப் பிறகு அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். அன்று இன்னும் மெதுவாக வந்தது. “சொன்னா நீ போக வேணாம்னு சொல்லிடுவ.”

நாங்கள் சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தோம். நானும் அவரும் எங்கள் மகளும், பிக்கப்பின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு செராத்திங் கடற்கரைக்கு. அந்தக் கேரவனை அவர் போர்டிக்சனில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினார். ரெண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஓட்டை விழுந்த கூரை. கூரையைத் தானே அடைத்து, வர்ணம் பூசி, முதல் பயணத்துக்கு நாள் குறித்த வாரத்தில்தான் அவருக்கு வாய் கோணியது. அடுத்த வருஷம் கிளம்ப இருந்தபோது செராத்திங் இருக்கும் கிழக்குக் கரையில் வெள்ளம். மூன்றாவது முறையாக இப்போதுதான் நாள் குறித்திருந்தோம். வண்டி ஓட்டுவது நான். கேரவனை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்கத் தோட்டத்து மண்சாலையில் மூன்று மாதம் பழகியிருந்தேன். ரெண்டு செம்பனை மரங்களை இடித்தும் இருந்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “புக்கிட் புத்துஸ் மேட்டுல அத்தனை கனத்த இழுத்துக்கிட்டு ஏறும்போது எண்ணெய் வத்திப்போனா என்ன ஆகும்? லோரி ஓட்டுன உங்களுக்குத் தெரியாதா? பிள்ளையும்தான பின்னால உட்கார்ந்திருக்கும்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“வழியில நிறுத்தி நிறுத்தி ஊத்திக்கலாம்னு நெனச்சேன்.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “தப்புதான்,” என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அதற்கு மேல் சண்டை போட முடியாமல் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.

மதிய இடைவேளையில் வண்டி பழுது பார்க்கும் எங்கள் வழக்கமான பொமனுக்குப் போன் போட்டேன். பட்டறையைப் பூட்டிவிட்டு ஜொகூரில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தார். நீலாயில் வேறொரு பட்டறையில் கேட்டால், அடுத்த புதன்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார்கள். பள்ளி விடுமுறை, எல்லாரும் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம்.

மாலை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். பயணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் மகள் கேரவனுக்குள் புதுத் தலையணை உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரிப் பாடிக்கொண்டே மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கியர்பாக்ஸ்லேருந்து எண்ணெய, ஆற வைக்க, முன்பக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோற ரப்பர் குழாய். அதுவாத்தான் இருக்கும். குழாய்னா சின்ன வேலை. கியர்பாக்ஸே ஒழுகுச்சுன்னா நம்மால ஆகாது.”

“நான் செய்றேன். நீங்க சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பக்கத்துத் தோட்டப் பட்டறையிலிருந்து வண்டியைத் தாங்கும் இரும்பு முக்காலி ரெண்டை மகள் இரவல் வாங்கி வந்தாள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது என்று அவர் நாலு தடவை சொன்னார். பாயை விரித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு உள்ளே நுழைந்தேன்.

முதலில் எல்லாமே எண்ணெயாகத் தெரிந்தது. “துடைச்சிட்டுப் பாரு,” என்றார் வெளியிலிருந்து. துடைத்தேன். மகளை எஞ்சினைப் போடச் சொன்னார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு, குழாய் இரும்புப் பைப்போடு சேரும் இடத்தில், வளையத்துக்குப் பக்கத்தில், ஒரு முத்து திரண்டது. கீழே விழுந்தது. இன்னொன்று திரண்டது.

“குழாய்தாங்க. வெடிச்சிருக்கு.”

அவர் பெருமூச்சு விட்டது வண்டிக்கு அடியில் இருந்த எனக்குக் கேட்டது. ஆனாலும் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு துணியில் எண்ணெயைத் தொட்டுக் கேட்டார். கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கருகல் வாசம் இல்ல. நிறமும் நல்லா இருக்கு. கியர்பாக்ஸ் தப்பிச்சிருச்சு லா.”

வெடித்த குழாயை வெட்டி எடுத்து, அந்தத் துண்டோடு உதிரிப்பாகக் கடைக்கு நானும் மகளும் அவளுடைய மோட்டார் சைக்கிளில் போனோம். கடைக்காரச் சீனர் அதை அளந்து பார்த்து, பெட்ரோல் குழாய் ஆகாது, சூடான எண்ணெய் தாங்குகிற குழாய்தான் வேண்டும் என்று மலாயில் சொல்லி, உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். புது வளையங்களும் எண்ணெய் ரெண்டு போத்தலும் வாங்கிக்கொண்டோம்.

மாட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு கையால் குழாயை உள்ளே அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் வளையத்தை நிறுத்த வேண்டும், இன்னொரு கையால் திருப்புளியைத் திருக வேண்டும். மூன்று தடவை குழாய் நழுவியது. மகளுக்கு அந்த இடுக்கில் கை எட்டவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பாய் அசைந்தது. திரும்பினால், என் கணவர் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்து, ஒருக்களித்துச் சாய்ந்து, இடது பக்கமாக உள்ளே நகர்ந்து வந்துகொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அவர் தரையில் படுத்ததே இல்லை.

“எப்படி எழுந்திரிப்பீங்க?”

“அத அப்புறம் பாக்கலாம். குழாயக் காட்டு.”

அவருடைய இடது கை மேலே போனது. குழாயை இரும்புப் பைப்பில் ஒரு அழுத்து, ஒரு திருகு. உள்ளே போய் உட்கார்ந்தது. “இப்ப வளையத்த இறுக்கு. ரொம்ப இறுக்காத, ரப்பர் வெட்டுப்படும்.” நான் இறுக்கினேன். எங்கள் ரெண்டு பேர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். அவர் நெற்றியில் எண்ணெய் வழிந்தது. துண்டின் நுனியால் துடைத்துவிட்டேன்.

“கோவம் போச்சா?” என்று கேட்டார்.

“பாதி.”

“பாதி போதும்.”

அவரை வெளியே எடுக்க நானும் மகளும் கால் மணி நேரம் போராடினோம். பாயோடு சேர்த்து இழுத்தோம். மூன்று பேரும் சிரித்ததில் பலமே இல்லாமல் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா, விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடி வந்தார்.

எண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, கியரை ஒவ்வொன்றாக மாற்றி, அளவுக் கம்பியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். பிறகு கேரவனை மாட்டி நீலாய் வரைக்கும் ஓட்டிப் போய் வந்தேன். திரும்பியதும் அடியில் நாளிதழை விரித்தோம். அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காகிதம் காய்ந்தே இருந்தது.

சனிக்கிழமை காலை சிரம்பானைத் தாண்டி, புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறினோம். பின்னால் கேரவன் கனத்தது. ஒரு வளைவில் வேகமிதியை அழுத்தினேன். “ரெண்டுல போடு, அவசரப்படாத,” என்றார். உச்சியைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். மகள் இறங்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லப்பா. காஞ்சு கெடக்கு.”

அவர் இருக்கையில் சாய்ந்துகொண்டார். கோல பிலாவில் நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டோம். பஹாவ் தாண்டுவதற்குள் அவர் வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து ஒரு ராத்திரியும் தான் சரியாகத் தூங்கவில்லை என்று, செராத்திங்கில் கடலைப் பார்த்துக் கேரவனை நிறுத்திய பிறகுதான் எங்களிடம் சொன்னார்.