கடைசி டிஸ்க்

நண்பர் இன்னும் பார்க்காத தொடரில் கொலைகாரன் யாரென்று நான் வேண்டுமென்றேதான் எழுதி வைத்தேன். கைத்தவறு என்று பிறகு சொன்னது பொய்.

மலேசியாவின் யோங் பெங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து துப்பறியும் தொடர்களை டிவிடியில் வாங்குவோம். ஒரு சீசனின் பெட்டி வீடு வீடாகச் சுற்றும். பார்த்தவர் தன் கருத்தைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைப்பார். முடிவை மட்டும் எழுதக்கூடாது.

எனக்கு அடுத்துப் பார்க்கிறவர் வாரம் மூன்று நாள் பக்கத்து நகரமான பத்து பாகாட்டுக்கு டயாலிசிஸுக்குப் போவார். அங்கே படுத்தபடி இவற்றைப் பார்ப்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆறுதல். முந்தைய சீசனில் என் கருத்தை அவர் தாளில் கேலி செய்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு.

"என்ன சார், கொலைகாரன புடிச்சு கையிலயே குடுத்துட்டீங்க! நாலு மணி நேரம் ஊசியோட நான் எதப் பாக்குறது?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தொடரைப் பார்க்காமலே பெட்டியைத் திருப்பித் தந்தார்.

அடுத்த சீசனை ஜொகூர் பாருவில் தேடி வாங்கி, பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்தத் தடவ நீங்கதான் முதல்ல."

"பயப்படாதீங்க லா, நான் சொல்லிட மாட்டேன்," என்றார்.

அவருடைய கருமாதி முடிந்து அவர் மனைவி பெட்டியைத் திருப்பித் தந்தார். உள்ளே ஒரு தாள்: "கடைசி டிஸ்க் பாக்கி. எனக்கு டாக்டர் மேல் சந்தேகம். பார்த்துச் சொல்லுங்கள்."

பார்த்தேன். டாக்டர்தான். அவர் தாளின் கீழேயே அதை எழுதி வைத்தேன். பெட்டியை அதன்பின் யாருக்கும் அனுப்பவில்லை.