அக்கா ரோமில் இல்லை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், ஆலயத்தில் வந்து ஜெபித்துவிட்டு, பந்திக்குப் போகும் வழியில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மங்கலம்பேட்டை ரோட்டு முனையில் சித்தப்பா பேனர் வைத்திருக்கிறார். அதில் அக்காவுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த கோபுரம் நிற்கிறது. கீழே ‘ரோமாபுரியில் துயிலும்’ என்று போட்டிருக்கிறது. அந்தக் கோபுரம் ரோமில் இல்லை. அக்காவும் ரோமில் இல்லை. அக்கா அந்தக் கோபுரத்தைப் பார்த்ததுகூட இல்லை. பேனர் கடையில் கேட்டேன். “இத்தாலின்னு அடிச்சா இதாங்கண்ணா வருது” என்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? இருபது வருடமாக நமக்கும் அதுதானே வந்தது?

அக்கா பிறந்தது இதே விருத்தாசலத்தில். அப்பா ரயில்வே கேங்மேன். அவர் இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது. மறு வாரமே நம் ஊர்ப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலைக்குப் போனார். அக்கா எழுதிய பொம்மையை எந்தக் கடையிலும் என்னால் அடையாளம் காட்ட முடியும். இடது புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கும், ‘நீ புளுகுறது எனக்குத் தெரியும்’ என்பதுபோல. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பிறகு, தெரிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் மூலமாக, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. லீவில் வரும்போதெல்லாம் நாம் கேட்டவை இரண்டே கேள்விகள். “அங்க ரொம்பக் குளிருமாமே?” “சாக்லேட்டு எங்க?”

சென்ற ஆண்டு போன் வந்தது. பேசியவர் ஜூலியா. அக்கா பார்த்துக்கொண்ட பாட்டியம்மாவின் மகள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார், எழவில்லை என்றார். கையெழுத்துக்கு ஒரு படிவத்தை மெயிலில் அனுப்பியிருந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். நான் போட்டிருந்தவை இரண்டும் இடது செருப்பு. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மனைவியுடையது. அதை அங்கிருந்த பெண்தான் முதலில் கவனித்தார்.

“எறந்த ஊரு பேரு எழுதணும், சொல்லுங்கண்ணா.”

“ரோமு.”

“ரோமா? மேல வேற பேரு அடிச்சிருக்காங்களே.”

மூன்று தடவை படித்தேன். காஸ்தெல்லி. கூடப் பிறந்த அக்கா இருபது வருடம் வாழ்ந்த ஊரின் பெயரை, அவர் இறந்த மறுநாள் படிவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். உடலை இந்தியாவுக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா? காஸ்தெல்லியிலேயே இருக்கணும் என்று அக்கா சொல்லியிருந்தார் என்றார் ஜூலியா. நம்பினேன். கையெழுத்துப் போட்டேன்.

அங்கே மண்ணில் புதைப்பது குறைவு. கல்லறைத் தோட்டத்துச் சுவரில் வரிசையாக அறைகள் கட்டி, பெட்டியை உள்ளே வைத்து, முகப்பைப் பூசிவிடுகிறார்கள். இதை நான் சித்தப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

“அப்பன் பக்கத்துல எடம் சும்மா கெடக்குது. அத வுட்டுட்டு எவனோ ஊரு செவுத்துல வெச்சுப் பூசிட்டியேடா! அவ கேட்டாளா உன்ன?”

“கேட்டாங்களாம், சித்தப்பா.”

“யாரு சொன்னா?”

“ஜூலியா.”

“அவ யாருடா நமக்கு?”

ஒரு வருடம், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே விசாரணை. நானும் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்தேன். வீட்டுக்கு வந்தால் அதே விசாரணையை நானே நடத்துவேன். செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து ஜூலியா சொன்ன பொய்யாக இருந்தால்? அக்காவை அந்நிய ஊரில் விட்டது நான்தானே?

அதனால்தான் போன மாதம் நானே அங்கே போனேன். இனி வருவதைக் கவனமாகப் படிக்கவும். பந்தியில் கேள்வி கேட்பேன்.

ரோமிலிருந்து வடகிழக்கே மலைகளைத் தாண்டினால் தேராமோ நகரம். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் காஸ்தெல்லி. ஊருக்குப் பின்னால் கிரான் சாஸ்ஸோ மலைத்தொடர் சுவர் எழுப்பியதுபோல நிற்கிறது. ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். களிமண், விறகு, தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததால் பல நூறு ஆண்டுகளாகப் பீங்கான் வேலை. ஆமாம், அதுவும் ஒரு விருத்தாசலம்தான்! ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஆலயம் இருக்கிறது. நானூறு வருடங்களுக்கு முன்பு அதன் உட்கூரை முழுக்க ஊர்க்காரர்களே பீங்கான் ஓடு வரைந்து பதித்திருக்கிறார்கள். பறவை, முயல், பூ, பக்கத்து வீட்டு மூஞ்சி என்று நூற்றுக்கணக்கில். அக்கா கண்ணை மூடாமல் அண்ணாந்து பார்த்தபடியேதான் ஜெபிப்பாராம். நிலநடுக்கம் வரும் பூமி. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்கள் மிஞ்சினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள நம் அக்கா போனார்.

ஜூலியா என்னைச் சுவரின் முன்னால் நிறுத்தினார். மூன்றாவது வரிசை. மற்ற அறைகளில் புகைப்படங்கள். அக்காவுடையதில் ஒரு பீங்கான் தட்டு. அதில் அக்காவின் முகம், இடது புருவம் தூக்கியபடி. கீழே அக்காவின் கையெழுத்தில், தமிழில்: ‘பிறந்தது விருத்தாசலம். வீடு காஸ்தெல்லி.’

இறப்பதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே அக்கா தன் கையால் வரைந்து, பக்கத்து வீட்டுக் குயவரின் சூளையில் சுட்டு, அலமாரியில் வைத்திருந்தாராம்.

ஜூலியா பொய் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, உங்கள் மேல் பாதி, என் மேல் மீதி. அந்தத் தட்டைச் சுட்டு வைத்துவிட்டுத்தான் அக்கா அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் தங்கினார். சொல்லத்தானே வந்திருப்பார்? “இவ்ளோதானா சாக்லேட்டு?” என்று கேட்டவன் நான்.

ஜூலியாவுக்கும், தட்டைச் சுட்டுக் கொடுத்த குயவருக்கும், செருப்பைக் கவனித்த பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி. நீங்கள் திட்டாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தப் பேனரை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நானே கிழிப்பேன்.

அக்காவைப் பார்க்கப் போகிறவர்கள் பெயரைத் தேடி அலைய வேண்டாம். சுவரோரமாக நடந்து வாருங்கள். ‘இப்பதான் வழி தெரிஞ்சுதா?’ என்று ஒரு புருவம் கேட்கும். அங்கே நில்லுங்கள்.