ஜாக்கியைச் சுற்றி ஒரு கோடு

ஜாக்கிக்கு அடியில் கொடுத்த பலகையைச் சுற்றிப் பொன்னி கோலமாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பலகை மேல் பாதி, மண் மேல் பாதி படும்படி, இடையில் விட்டுப்போகாமல். பின்சக்கரங்களுக்கு அணையாக வைத்த கற்களைச் சுற்றியும் அப்படியே.

"இன்னா பொன்னி, லாரிய இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த சந்திரகலா கேட்டாள்.

"ஆமாக்கா. மாப்ள கீழ படுக்கப் போறாரு."

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தெருவில் பொன்னியின் வீடு. கணவன் குமரேசனிடம் ஒரு பழைய மினி லாரி இருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக ஏற்றுவான். பௌர்ணமி வந்தால் பாதையோரக் கடைகளுக்குத் தண்ணீர் கேன் இறக்குவான். வண்டியில் எது கெட்டாலும் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டிவிடுவான். அவன் கீழே இருக்கும் நேரமெல்லாம் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது பொன்னியின் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல.

உட்காருவதற்கு முன் அவளுக்குச் சில காரியங்கள் உண்டு. வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆட்டைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கட்டுவாள். கைபேசியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் பதில் வராது. ஈ மொய்த்தாலும் கை அசையாது.

ஒருமுறை கீழ்பென்னாத்தூர் பஞ்சர் கடையில் ஒரு வண்டி ஜாக்கியிலிருந்து நழுவியதை அவள் பார்த்திருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், ஏனென்றால் கீழே யாரும் இல்லை. பொன்னிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெற்றிடத்தில் அவள் கண்ணுக்கு ஓர் ஆள் கிடப்பது தெரிந்தது. அன்றிலிருந்துதான் இந்தக் கோடு.

"மாவு போட்டா வண்டி நிக்குமா? பயித்தியம்" என்பான் குமரேசன். ஒவ்வொரு முறையும் சொல்வான். ஒவ்வொரு முறையும் அவள் போடுவாள்.

இந்த முறை இடது முன்சக்கரத்துக்கு மேல் வண்டியின் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டை. அடுக்கில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. முனையில் செருகிய புஷ் வளையங்களும் தேய்ந்துபோய், வேகத்தடையில் ஏறினால் அடியில் இரும்பு இரும்போடு மோதும் சத்தம். பிரேக் போட்டால் வண்டி தானாக இடப்பக்கம் இழுத்தது. செங்கம் ரோட்டு மெக்கானிக் பௌர்ணமி கழித்து வரச் சொல்லிவிட்டார். பௌர்ணமியோ நாளைக்கு. கூட்டம் சேர்வதற்குள் கேன்களை இறக்கியாக வேண்டும். பட்டையை மாற்றாமல் போனால் பாதையோரம் நடக்கிறவர்களை நினைத்துப் பயம். மாற்றினால் இவனை நினைத்துப் பயம். பொன்னி இரண்டில், தான் காவல் இருக்க முடிகிற, கண்ணுக்கு முன்னால் இருக்கும் பயத்தைத் தேர்ந்துகொண்டாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மேல்மண் காய்ந்துவிட்டது. குமரேசன் காலால் மிதித்துப் பார்த்து, "கல்லு மாதிரி கீது" என்றான். ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டான். சக்கரத்தைக் கழற்றினான். மல்லாந்து உள்ளே போனான். பட்டையைக் கோத்திருந்த துருவேறிய இரும்புப் பின் ஒன்று வர மறுத்தது. அவன் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தான்.

ஒவ்வொரு அடிக்கும் கோட்டிலிருந்து துளி மாவு உதிர்ந்தது. அது வழக்கம்தான். அப்புறம் ஒரு அடிக்கு, பலகையின் ஒரு மூலையில் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிளந்தது. நடுவே மயிரிழை அளவுக்கு ஈரமண் கறுப்பாகத் தெரிந்தது.

கத்தினால் அவன் திடுக்கிட்டு எழ முயல்வான், தலை எங்காவது இடிக்கும், வண்டி அசையும். பொன்னி, சோறு போடக் கூப்பிடும் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தாள்.

"மாமா. சுத்திய வெச்சுட்டு வெளிய வாங்க."

"இரு, பின்னு அசஞ்சிருச்சு. இன்னும் ஒரே அடி."

"அடிக்காதீங்க."

"ஏன்டி, ஆடு அவுத்துக்கிச்சா?"

"மாவு விரிஞ்சிருச்சு, மாமா."

அடியில் சுத்தியலை மண்ணில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, முதுகால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, எதையும் தொடாமல் அவன் நகரும் ஓசை. தோள் வந்தது. தலை வந்தது. அவள் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் கோலமாவுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தார்கள். பலகை ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கியது. ஜாக்கி சாய்ந்தது. வண்டி பெருமூச்சு விடுவதுபோல் ஸ்டெப்னி மீது உட்கார்ந்தது. சக்கரம் கழன்ற பிரேக் டிரம் மண்ணில் புதைந்து நின்றது. அதன் கீழே சுத்தியலின் பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

சந்திரகலாவின் கையிலிருந்த ஈரத்துணி பிழியாமலே சொட்டிக்கொண்டிருந்தது.

குமரேசன் தன் வலது கையை விரித்து மூடினான். மறுபடி விரித்து மூடினான். பொன்னி அவன் காலரை விடவே இல்லை.

"வேலய பாதில வுட முடியாது" என்றான் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் காலரை விட்டாள்.

பின்கட்டிலிருந்து துணி துவைக்கும் கருங்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தான். இளகிய மண்ணை வெட்டி எடுத்து, கெட்டி மண் தெரிந்ததும் கல்லைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி வண்டியைத் தூக்கினான். ஸ்டெப்னியைத் தள்ளிப் பார்த்துச் சரியாக்கினான். சுத்தியலை இழுத்து எடுத்தான்.

ஆனால் உள்ளே போகவில்லை. கவிழ்ந்து கிடந்த கிண்ணத்தை நிமிர்த்தி, சிந்திய கோலமாவை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் கோடு போட்டு முடிக்கும்வரை குத்துக்காலிட்டுக் காத்திருந்தான்.