முழங்கால் மஞ்சள்

மலையடிவாரத்து விடுதியில் துணி துவைக்கிறவளை எல்லாரும் நுரையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே புல்வெளியில் காட்டுப்பூ பூப்பது கோடையில். விடுதி நிரம்பி வழிவதும் அதே கோடையில்தான். அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பூவை அவள் பார்த்ததெல்லாம் கறையாகத்தான்.

கறையைக் கொண்டுவருகிறவர் அவள் புருஷன், வழிகாட்டி. மலையேற வருகிறவர்களுக்குப் பூவைக் காட்டுகிறேன் என்று மண்டிபோட்டுவிட்டு, சாயங்காலம் முழங்காலில் மஞ்சளோடு வந்து நிற்பார்.

"நீங்க என்ன கைக்குழந்தையா? தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போகுது."

"ஒரு நாள் மேல வந்து பாரு. அப்புறம் திட்டு."

"ஆமா, இங்க குவிஞ்சு கிடக்கிறதை உங்க அம்மா வந்து துவைப்பாங்களா?"

போன குளிர்காலத்தில் மனுஷன் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. அலமாரியைத் திறந்தால் அவருடைய பேண்ட் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒன்றிலாவது ஒரு பொட்டு மஞ்சள் இருக்க வேண்டுமே! பாவி, இப்படியா துவைத்துத் தொலைப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

இந்தக் கோடையில் பூ பூத்த சேதி வந்ததும் வேலையை மகளிடம் விட்டுவிட்டு, அவர் பேண்ட்டையே மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏற்றத்தில் மூச்சு இரைத்தது. மேலே போய்ப் பார்த்தாள். மஞ்சளும் ஊதாவுமாக, கால் வைக்க இடமில்லை. அவர் சொன்னபோதே வந்திருக்கலாம். மண்டிபோட்டு, "வந்துட்டேன், பாருங்க" என்றாள். காற்றுதான் அடித்தது. முழங்காலில் ஏறிய மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

வீட்டில் பேண்ட்டை நாற்காலியில் போட்டுவிட்டு அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். விடிந்து பார்த்தால் அது கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கறை காஞ்சா போகாதுன்னு நீதானேம்மா சொல்வே? அப்பவே ஊறப்போட்டுட்டேன். சுவடே இல்ல பாரு" என்றாள் மகள், பெருமையாக.

நுரையம்மா முழங்கால் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உண்மையிலேயே சுவடே இல்லை. பெண்ணை என்ன சொல்ல? தானே பழக்கிவிட்ட கை.

"நல்லாத்தான் துவைச்சிருக்கே" என்றாள். பிறகு பேண்ட்டை ஈரத்தோடு காலில் மாட்டத் தொடங்கினாள்.

"என்னம்மா பண்றே?"

"மேல போயிட்டு வரேன். இன்னைக்கும் துணியை நீயே பாத்துக்கோ. வந்தப்புறம் இதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."