நடக்காத சண்டையின் மூன்றாவது சுற்று

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. பத்திரிகைக்காரர்கள் இன்றைக்கும் அதை 'நடக்காமல் போன சண்டை' என்றுதான் எழுதுகிறார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். குளிர் வந்தால் என் வலது விலா வலிக்கிறது. அது பொய் சொல்லாது.

நான் லூதர். மிடில்வெயிட், அதாவது நடு எடைப் பிரிவுக் குத்துச்சண்டைக்காரன். 1921இல் எனக்கு முப்பத்தைந்து வயது. முழங்கால்களுக்கு அறுபது இருக்கும். வெள்ளைக்காரச் சாம்பியன்கள் எங்களைப் போன்ற கறுப்பர்களோடு மேடை ஏற மாட்டார்கள். அது பழகிப்போன அவமானம். ஆனால் எங்களிலேயே ஒருவன் இருந்தான், சைலஸ் டகெட். அவன் பெயரைக் கேட்டால் மற்றவர்கள் பின்வாங்குவார்கள். என் பெயரைக் கேட்டாலும் அப்படித்தான். இருவரில் யார் பெரியவன்? ஒன்பது வருஷமாக இதே பேச்சு. மூன்று முறை தேதி குறித்தார்கள். முதலில் எனக்குக் காய்ச்சல், பிறகு போலீஸ் தடை, அதற்கும் பிறகு அவனுடைய மேலாளர் கடைசி நேரத்தில் நழுவிவிட்டார். எனக்குப் பட்டம் வேண்டாம். இந்த ஒரு பதில் கிடைத்தால் போதும், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டில் தூங்குவேன் என்றிருந்தேன்.

நான்காவது தேதி பிப்ரவரியில், ஒஹாயோவில் ஓர் இரும்பாலை ஊரில். விடிந்ததிலிருந்து பனி கொட்டியது. தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது. சாயங்காலம் நாலரை மணிக்கு அரங்கில் ஈ காக்காய் இல்லை. டகெட் வரவேண்டிய ரயிலைப் பார்க்க, சண்டையை ஏற்பாடு செய்தவர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். நானும் என் பயிற்சியாளர் ஹோசியாவும் மட்டும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம்.

"இதுவும் ஊத்திக்கிச்சு பெரிசு."

"வாயை மூடுடா. கையை நீட்டு."

கையில் துணி நாடாவைச் சுற்றி முடித்தார். அப்போதுதான் எதிர் அறையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எதிராளியின் கைக்கட்டை நம் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே எதையாவது ஒளித்துவைத்தால்? பார்த்ததற்கு அடையாளமாக நாடாமேல் ஒரு குறியும் போட வேண்டும். ஹோசியாவுக்கு எழுதத் தெரியாது. ஊதாப் பென்சிலால் ஒரு சிலுவை கிறுக்குவார், அடிக்கால் கோணலாக. பென்சிலை எடுத்துக்கொண்டு போனார். குறி போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"டகெட் வந்துட்டான். தனியா உக்காந்திருக்கான். கை என்னடா அது... ஐஸ் கணக்கா இருக்கு."

"பனியில வந்தவன் கை எப்படி இருக்கும்?"

"கோட்டுல பொட்டுப் பனி இல்லடா."

"கூட்டமே இல்லியே. எப்படிச் சண்டை போடறது?"

"நானும் கேட்டேன். 'கூட்டத்துக்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம்? லூதரை வரச் சொல்லு'ங்கறான்."

சரிதானே. எழுந்து மேடைக்குப் போனேன்.

ஐந்து பத்துக்கு ஹோசியா மணி அடித்தார்.

என் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது. அவன் வாயிலிருந்து... ஒன்றுமே வரவில்லை.

என் காலடியில் பலகை கிறீச்சிட்டது. அவன் காலடியில் சத்தமே இல்லை.

இரண்டாவது சுற்று. என் வலது கை அவன் இடது கண்ணில் இறங்கியது. முழு பலத்தோடு. அவன் இமைக்கவில்லை. சிரித்தான்.

மூன்றாவது சுற்று.

அவன் இடது கை வந்ததை நான் பார்க்கவே இல்லை.

வலது விலாவில் மடக்...

விழுந்தேன். மூக்கில் பலகை வாசனை. ஒன்பது வருஷம் காத்திருந்த பதில் இதுதான். அழுகை வந்தது. அப்பாடா என்றும் இருந்தது.

"போதும் லூதர். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. போய்ப் படு."

தலையைத் தூக்கினேன்.

அவன் இல்லை...

கதவு திறந்தது. ஏற்பாட்டாளர், தொப்பி நிறையப் பனியோடு.

"தரையில என்னய்யா பண்றே? சண்டை கிடையாது. காலையிலயே ரயில் கவுந்துடுச்சு. டகெட் செத்துப் போயிட்டான்."

மணிக்குப் பக்கத்தில் ஹோசியா தன் ஊதாப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விலாவைப் பிடித்துக்கொண்டு, அவரோடு ரயில் கவிழ்ந்த பக்கத்து ஊரின் சவப்பெட்டிக் கடைக்குப் போனேன். மேஜைமேல் டகெட் கிடந்தான். இரண்டு கையிலும் நாடா. அதன்மேல் ஊதாச் சிலுவை, அடிக்கால் கோணலாக. இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"ரயில் கவுந்தப்போ பட்ட அடியா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லீங்க. நேத்து மத்தியானம் நான்தான் கழுவிக் கிடத்தினேன். கண்ணு நல்லா இருந்துச்சு. கையில துணியும் இல்ல. அஞ்சேகால் மணிக்கு விளக்கேத்த வந்தேன்... என் கண்ணு முன்னாலதான் வீங்க ஆரம்பிச்சுது."